ஸ்வீடன் நாட்டுப்புற இசை, நடனக் கோடை முகாம்: வயலின் மட்டும் போதுமா, ஆடவும் வேண்டுமா?

தந்திக்காரி (உப்சாலா), மே 9

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவெடுக்க உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் ஏழு வயதில் தொடங்கிப் பதினான்கு வருடம் கர்நாடக வயலின் கற்றவள். கல்யாணம், வேலை, இந்த ஊர் என்று வந்தபின் வயலின் பெட்டியைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, காய்கறிப் பையோடு ஃபீரிஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஒரு பெரியவர் நிக்கெல்ஹார்ப்பா வாசித்துக்கொண்டிருந்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வயலினை நீளமாக்கி, கழுத்தின் ஓரத்தில் மூன்று வரிசை மரச் சாவிகளைச் செருகினால் எப்படி இருக்கும், அப்படி. தோளில் வாரால் மாட்டி, வயிற்றோடு அணைத்து, குட்டை வில்லால் வாசிப்பார்கள். இடது கை விரல் தந்தியைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால் அதன்மேல் நிற்கும் சின்ன மரத்துண்டு போய்த் தந்தியில் முட்டும். வில் படும் தந்திகள் நான்கு. அவற்றுக்கு அடியில் வில்லே படாத தந்திகள் பன்னிரண்டு. அவர் வில்லை எடுத்த பிறகும் அந்தப் பன்னிரண்டும் முனகிக்கொண்டே இருந்தன. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நின்று கேட்டேன். அன்று ராத்திரியே என் வயலினுக்குப் புதுத் தந்திகள் ஆர்டர் செய்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில், சீல்யான் ஏரிக்கரையில் உள்ள ஒரு ஃபோல்க்ஹோக்ஸ்கூலாவில் ஜூன் கடைசி வாரம் ஆறு நாள் முகாம் நடக்கிறது. (பெரியவர்கள் தங்கிப் படிக்கும் மக்கள் பள்ளி அது. கோடையில் இப்படிப்பட்ட முகாம்களுக்கு இடம் கொடுப்பார்கள்.) காலையில் வாத்தியம், மதியம் நடனம், இரவில் எல்லோரும் சேர்ந்து ஆட்டம். பதிவுப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: வாத்தியம் மட்டும், நடனம் மட்டும், இரண்டும். எதில் டிக் போடுவது என்று ஒரு வாரமாகத் தவிக்கிறேன்.

நான் யாருடனும் ஜோடி சேர்ந்து ஆடியதே இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து ஆடுவதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. எனக்கு வேண்டியது இசைதான். வாத்தியம் மட்டும் போதுமா? மேற்கத்திய நோட்டேஷன் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அது தடையாக இருக்குமா?

வட்டப்பாதை (கோத்தன்பர்க்), மே 9

நோட்டேஷனைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த முகாம்களில் பெரும்பாலும் காதால் கேட்டுத்தான் கற்றுக்கொடுப்பார்கள். ஆசிரியர் ஒரு வாக்கியம் வாசிப்பார், நீங்கள் திருப்பி வாசிப்பீர்கள். உங்களுக்கு அது புதிதே இல்லை. நோட்டைப் பார்த்தே பழகிய மேற்கத்திய வயலின்காரர்கள்தான் முதல் இரண்டு நாள் திணறுவார்கள்.

கட்டத்தைப் பொறுத்தவரை, தயங்காமல் 'இரண்டும்' போடுங்கள். நான் எட்டு வருடமாக ஆடுகிறேன். வாத்தியம் கொஞ்சமும் தெரியாது. ஆனாலும் காரணம் சொல்ல முடியும்.

நீங்கள் அங்கே கற்கப்போவதில் முக்கால்வாசி போல்ஸ்கா என்ற ஜோடி நடனமும் அதற்கான மெட்டுகளுமாக இருக்கும். மூன்று தட்டு. மூன்று என்றதும் வால்ட்ஸ் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வாசிப்பவரின் காலைக் கவனியுங்கள்: ஒன்றில் தட்டுவார், மூன்றில் தட்டுவார், இரண்டில் கால் சும்மா இருக்கும். அந்த இரண்டாம் தட்டு எங்கே விழுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரில் கொஞ்சம் முந்தி வரும், இன்னோர் ஊரில் இழுத்துப் பிடிக்கும். எழுதிய நோட்டில் மூன்றும் ஒரே அளவாகத்தான் தெரியும். எவ்வளவு இழுப்பது என்று ஆசிரியரிடம் கேட்டால், 'ஆடிப் பாருங்கள்' என்பார். வேறு பதில் அவரிடமும் கிடையாது. ஏனென்றால் ஜோடி சுழன்று திரும்ப எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம்தான் அந்த இரண்டாம் தட்டு.

கூச்சம் முதல் மாலையோடு போய்விடும். இங்கே வழக்கம் என்னவென்றால், ஒருவரோடு இரண்டு பாட்டு ஆடுவோம், 'டக்' என்று நன்றி சொல்லி ஓரமாக வருவோம், அப்புறம் வேறொருவர். பெண்ணும் பெண்ணும் ஆடுவார்கள், எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரோடு ஆடுவார். யாரும் யாரையும் அளந்து பார்ப்பதில்லை.

ரப்பர் அடி வைத்த ஷூ மட்டும் வேண்டவே வேண்டாம். தரையைக் கவ்விப் பிடிக்கும், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தோல் அடி வைத்த ஷூ வேண்டும்.

ஒஸ்லோ மழை, மே 10

அக்கா, நான் கொஞ்சம் மாறித்தான் சொல்லப்போகிறேன். குறை நினைக்க வேண்டாம்.

நான் ஒஸ்லோவில் வளர்ந்தவன். ஹார்டிங்ஃபெலே பழகுகிறேன். நோர்வேயின் மேற்குப் பக்கத்து வாத்தியம் அது. வயலின் மாதிரித்தான், ஆனால் உடம்பெல்லாம் கறுப்பு மையில் பூக்கொடி வரைந்து, விரற்பலகையில் சிப்பி பதித்து, தலையில் சிங்கமுகம் வைத்திருக்கும். இதிலும் அடியில் நாலோ ஐந்தோ முனகும் தந்திகள் உண்டு. பழமையானது என்று சொல்லப்படும் ஃபெலேயில் 1651 என்று ஆண்டு போட்டிருக்கிறது.

நான் முதல் முறை போன முகாமில் இரண்டையும் எடுத்தேன். காலையில் ஃபெலே, மத்தியானம் ஆட்டம், இரவு இரண்டு மணி வரைக்கும் ஆட்டம். மூன்றாம் நாள் விரலும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து லோட் (மெட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்) பழக்கினார்கள், வீட்டுக்கு வரும்போது ஒன்றுதான் கையில் இருந்தது. அந்த முகாமை நடத்தினவர்கள் புதிதாக வருபவர்களுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்றை வைக்கவே இல்லை. எனக்கு அது இன்றைக்கும் மனக்குறைதான்.

உங்களுக்குக் கையிலே பதினான்கு வருடப் பயிற்சி இருக்கிறது. இந்த முறை வாத்தியத்தை ஒழுங்காகப் பிடியுங்கள். வில் பழக்கம் முழுக்க வேறு. அதற்கே ஆறு நாள் காணாது. ஆட்டத்தை அடுத்த வருடம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

வட்டப்பாதை அண்ணா தட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இங்கே நோர்வேயில் ஸ்பிரிங்கார் என்று ஒரு மூன்று தட்டு நடனம் உண்டு. டெலமார்க் பக்கத்து ஸ்பிரிங்கார் எடுத்தால் மூன்று தட்டும் நீளம், நடுத்தரம், குறில். வால்ட்ரெஸ் பக்கம் போனால் குறில், நீளம், நடுத்தரம். இரண்டு இடத்துக்கும் நடுவில் சில மலைகள்தான்.

தந்திக்காரி, மே 10

இரண்டு பேருக்கும் நன்றி. குறில், நெடில் என்று கேட்டதும் சட்டென்று விளங்கியது.

தம்பி, வில்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? அப்புறம் சுருதி. என் வயலின் எப்போதும் ச ப ச ப-வில்தான் இருக்கும். மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று வைத்தால் எனக்குக் கை போகாது. முகாமில் எல்லோரும் ஒரே சுருதியில் வாசிக்கும்போது என்ன செய்வேன்?

ஒஸ்லோ மழை, மே 11

இதை வாசித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை அக்கா. கேளுங்கள்.

இங்கே சுருதி என்பது ஒன்றே ஒன்று அல்ல. ஹார்டிங்ஃபெலேக்கு மட்டும் இருபதுக்கு மேல் சுருதி சேர்க்கும் முறைகள் இருக்கின்றன. ஸ்வீடனிலும் சாதாரண வயலினை மாற்றிச் சேர்ப்பார்கள். அதில் ஒன்று ஏ, ஈ, ஏ, ஈ. உங்கள் சட்ஜத்தை ஏ-யில் வைத்துப் பாருங்கள்: ச, ப, ச, ப! உங்கள் வீட்டுச் சுருதியேதான்.

இன்னொன்று ஏ, ஈ, ஏ, சி ஷார்ப். ட்ரோல் சுருதி என்பார்கள், பூதத்தின் சுருதி. உங்கள் கணக்கில் ச, ப, ச, அந்தர காந்தாரம். கடைசித் தந்தியைப் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறக்கினால் போதும். இறக்கிவிட்டு எல்லாத் தந்தியையும் ஒருக்கால் வெறுமனே இழுத்துப் பாருங்கள், ஏன் பூதத்தின் பெயர் என்று விளங்கும்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. அருவியில் ஃபோசெகிரிம் என்று ஒருவன் இருக்கிறான், ஃபெலே வாசிப்பில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வியாழக்கிழமை இரவு இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் கையைப் பிடித்து, விரலில் இரத்தம் வரும்வரை தந்தியில் ஓட்டிக் கற்றுத்தருவான். இறைச்சி மெலிந்ததாக இருந்தால் சுருதி சேர்க்க மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவான். உங்களுக்கு அந்தப் பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

வில்: கர்நாடக வாசிப்பில் ஒரு வில்லில் பல ஸ்வரம் இழைந்து போகும், சேர்ப்பு வெளியே தெரியாது. இங்கே வில்தான் தாளம். எங்கே திருப்புகிறீர்கள், எங்கே அழுத்துகிறீர்கள் என்பதைக் கேட்டுத்தான் ஆடுபவர் கால் வைப்பார். இரண்டு தந்தியைச் சேர்த்து இழுப்பதும் நிறைய வரும். மேலே பாட்டு, கீழே சுருதி.

செம்மரக்காடு (கலிஃபோர்னியா), மே 12

தாமதமாக வருகிறேன். நான் ஸ்வீடன் போனதே இல்லை. ஆனால் இங்கே மென்டொசினோ உட்லண்ட்ஸ் காட்டுக்குள் ஜூனில் ஒரு வாரம் ஸ்காண்டியா முகாம் நடக்கும். ஸ்வீடனிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைப்பார்கள். வானுயர்ந்த ரெட்வுட் செம்மரங்களுக்கு நடுவே 1930களில் கட்டிய மரக் குடில்களில் தங்க வேண்டும். நான் ஆடுவதற்கு மட்டும் போனவள். எனக்கு வாத்தியம் தெரியாது.

தந்திக்காரி, ஆடுபவளாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இரவு ஆட்டத்தில் வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே, இவர் ஆடத் தெரிந்தவர், இவர் தெரியாதவர் என்று சொல்லிவிடுவேன். ஆடத் தெரியாதவர் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் என் எடையை நானே தூக்க வேண்டியிருக்கும். ஆடுபவர் வாசித்தால் அந்த வில்லே என்னைத் தூக்கி இறக்கும். ஸ்வீடிஷில் அதற்கு ஸ்விக்ட் என்று பெயர். முழங்காலில் மெல்ல இறங்கி ஏறும் அந்த அசைவு. அது காலில் இல்லாவிட்டால் வில்லில் வராது என்பது என் அனுபவம்.

ஒஸ்லோ தம்பி சொன்ன களைப்பும் உண்மைதான். அதற்கு வழி, கட்டத்தை மாற்றுவது அல்ல. பதினொரு மணிக்குப் படுக்கப் போய்விடுங்கள்.

ஏட்டுச்சுவடி, மே 13

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். இப்படி முகாம் வைத்து ஏன் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்தால், அங்கே போகிறவர்களுக்கு அதன் அருமை இன்னும் கூடும்.

ஒரு காலத்தில் இதைக் கற்க முகாம் தேவைப்படவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஸ்பெல்மன், அதாவது ஊர் வாத்தியக்காரர், வாசித்துக்கொண்டு நடப்பார், விருந்தில் விடிய விடிய வாசிப்பார், பையன்கள் பார்த்துப் பழகுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கடுமையான பக்தி இயக்கங்கள் வயலினைச் சாத்தானின் வாத்தியம் என்றன. மனம் மாறிய சிலர் தங்கள் வயலினைத் தாங்களே அடுப்பில் போட்டு எரித்தார்கள். இன்னொரு பக்கம் அக்கார்டியன் வந்தது, புது நடனங்கள் வந்தன, ஜனங்கள் நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். போல்ஸ்கா கிழவர்களோடு தங்கிவிட்டது.

அந்த நேரத்தில் குறுக்கே வந்து நின்றவர் ஓவியர் அண்டர்ஷ் சோர்ன். மோராவில் பிறந்தவர், அதே சீல்யான் ஏரிக்கரை. 1906இல் ஏஸுண்டாவில் ஸ்பெல்மன்களுக்குப் போட்டி வைத்தார். வயலின் மட்டுமில்லாமல் மாட்டுக்கொம்பு, பூர்ஜ மரப்பட்டை சுற்றிய நீண்ட ஊதுகுழல் வாசிக்கிறவர்களையும் தேடி அழைத்தார். 1910இல் ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாடு முழுவதற்குமான கூட்டம் நடந்தது. நில்ஸ் ஆண்டர்சன் என்பவர் ஊர் ஊராகப் போய் லோட்களை எழுதிச் சேர்த்தார். அவர் 1921இல் இறந்ததும் உலோஃப் ஆண்டர்சன் வேலையைத் தொடர்ந்தார். 'ஸ்வென்ஸ்கா லோட்டர்' என்று 1922 முதல் 1940 வரை 24 பாகங்கள் வெளிவந்தன. இன்றைக்கும் சோர்ன் பெயரில் பதக்கம் உண்டு. நடுவர்கள் முன் வாசித்து வெள்ளிப் பதக்கம் வாங்குகிறவர் ரிக்ஸ்பெல்மன், அதாவது தேசிய ஸ்பெல்மன், ஆகிறார்.

ஆனால் 24 பாகத்தில் எழுதியும் வட்டப்பாதை சொன்ன அந்த இரண்டாம் தட்டு ஏட்டில் ஏறவில்லை. அது ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது. அதனால்தான் லோட்களுக்குப் பெயர் வைக்காமல், 'யோர்ட் அண்டர்ஷ் வழி வந்த போல்ஸ்கா' என்று ஆளைச் சொல்கிறார்கள். பிங்க்ஷோ கிராமத்தின் யோர்ட் அண்டர்ஷ் ஊல்சன், 1865இல் பிறந்து 1952 வரை வாழ்ந்தவர். நம் ஊரில் இன்னாருடைய பாடாந்தரம் என்கிறோமே, அதேதான். தந்திக்காரி, இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

தந்திக்காரி, மே 14

பாடாந்தரம் என்ற சொல்லைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் ஆசிரியர் ஒரு கீர்த்தனையைத் தொடங்கும்முன் யாரிடமிருந்து தனக்கு வந்தது என்று சொல்லாமல் வில்லை எடுக்க மாட்டார்.

'இரண்டும்' போட்டு அனுப்பிவிட்டேன். வந்து எழுதுகிறேன்.

தந்திக்காரி, ஜூலை 6

வந்துவிட்டேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை வயலின் வகுப்பு. பதினாறு பேர் வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் சின்ன வயதிலிருந்தே தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள். நாற்காலியில் வயலின் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆசிரியை பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு சின்ன மனையை நகர்த்தி என் காலருகே போட்டார். பாதி வகுப்பு தரையிலும் பாதி வகுப்பு நாற்காலியிலும் உட்கார்ந்து வாசித்தேன். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

அவர் ஒரு போல்ஸ்காவை முழுதாக மூன்று முறை வாசித்தார். யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்று சொன்னார். அப்புறம் துண்டு துண்டாக. ஸ்வரம் எனக்கு உடனே பிடிபட்டது. ஓரிடத்தில் காந்தாரம் சாதாரணத்திலும் இல்லை, அந்தரத்திலும் இல்லை, நடுவில் நின்றது. பியானோ வாசிக்கிறவர் ஒருவர், 'அது சி-யா, சி ஷார்ப்பா?' என்று கேட்டார். 'இரண்டும் இல்லை, அங்கேயே விடுங்கள்' என்றார் ஆசிரியை. எனக்கு அந்த இடம் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

வீடு அதோடு முடிந்தது. ஸ்வரம் எல்லாம் சரியாக வந்தும் லோட் வரவில்லை. பதினாறு பேரில் என் வாசிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. ஆசிரியை என் பக்கமாக வந்து வில்லைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்றையும் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து என் ஷூ நுனியில் இரண்டு விரல் வைத்தார். வாசிக்கச் சொன்னார். ஒன்றில் விட்டார், இரண்டில் அழுத்திப் பிடித்தார், மூன்றில் விட்டார். பத்து நிமிடம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். காலைத் தட்டாமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. தட்டாத அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டேன்.

மதியம் நடனம். வட்டப்பாதை, நீங்கள் சொல்லியும் முதல் நாள் ரப்பர் ஷூவோடு போய்விட்டேன். முழங்கால் அன்றைக்கே வலித்தது. மறுநாளிலிருந்து தடித்த கம்பளிக் காலுறை மட்டும் போட்டு ஆடினேன். முதல் ஒரு மணி நேரம் ஜோடியே இல்லை. ஹாலைச் சுற்றித் தனியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். முழங்காலில் இறங்கி ஏறி நடக்க வேண்டும். அதுதான் ஸ்விக்ட். அப்புறம் ஜோடி. எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை, வெள்ளை முடி, என்னைவிட அரை அடி உயரம். கடிகாரம் சுற்றும் திசையில் ஜோடி சுழல வேண்டும், அதே நேரம் எல்லா ஜோடியும் சேர்ந்து எதிர்த்திசையில் ஹாலை வலம் வர வேண்டும். மூன்று தட்டுக்குள் ஒரு முழுச் சுற்று. நான்காவது சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்துச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 'சுவரைப் பார்க்காதே, என் காதைப் பார்' என்றார். காதைப் பார்த்தேன். சுற்றுவது ஹால்தான், நாங்கள் இருவரும் அசையாமல் நிற்கிறோம் என்று தோன்றியது. தலைசுற்றல் போனது.

மூன்றாம் நாள் இரவு. பதினொரு மணிக்கும் வெளியே வெளிச்சம். ஜன்னல் வழியாக ஏரி வெள்ளித்தகடு போலத் தெரிந்தது. எங்கள் வயலின் ஆசிரியையே வாசித்தார், காலையில் கற்றுத்தந்த அதே லோட். அன்று நான் வழிநடத்தும் பக்கத்தையும் பழகியிருந்தேன். ஒன்றில் ஒரு கால், மூன்றில் மறு கால். நடுவில் கால் வைக்கவே நேரமில்லை, அங்கே உடம்பு முழங்காலில் இறங்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. என் ஷூவை அவர் விரலால் பிடித்து வைத்திருந்த இடம் அதுதான். அந்த இடத்தில் அவசரப்பட்டால் எதிரில் இருப்பவரின் முதுகு என் கையில் இடறும். அவசரப்படாவிட்டால் இரண்டு பேரின் கனமும் தானாகச் சுற்றி வந்து மூன்றில் இறங்கும். செம்மரக்காடு, நீங்கள் சொன்ன வில் என்னைத் தூக்கியது.

மறுநாள் காலை வகுப்பில் வில்லை வைத்தேன். ஒன்றிலிருந்து இழுத்த வில் இரண்டைத் தாண்டிப் போய் மூன்றில் திரும்பியது. நான் யோசிக்கவில்லை. ஆசிரியை தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ஒஸ்லோ தம்பி, நீ சொன்னதையும் சொல்லியாக வேண்டும். நான்காம் நாள் இரவு ஆட்டம் முடிந்த பிறகு மாடிப்படியிலும் சமையலறை வாசலிலும் வாசிப்பு தொடங்கியது. யாரோ ஒரு லோட் எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்வார்கள், தெரியாதவர்கள் தணிந்த குரலில் சுருதி பிடிப்பார்கள். எழுந்து போகவே மனம் வரவில்லை. படுக்கும்போது மூன்றரை. அடுத்த நாள் காலை வகுப்பு முழுவதையும் தூங்கித் தவறவிட்டேன். அன்றுதான் ட்ரோல் சுருதி எடுத்திருக்கிறார்கள். உன் பேச்சைக் கேட்டு ஒரு நாளாவது நேரத்தோடு படுத்திருக்க வேண்டும். இன்றுவரை வருத்தம்தான்.

முகாம் முடிந்த பின்னும் வீட்டுக்கு வரவில்லை. கூட இருந்தவர்கள் புதன்கிழமை பிங்க்ஷோவுக்குப் போகிறோம் என்றார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். பெக்கோஸ் பண்ணையில் 1969 முதல் ஜூலை தொடக்கத்தில் நடக்கும் கூட்டம். மேடை உண்டு, ஆனால் விஷயம் மேடையில் இல்லை. கொட்டகைக்குப் பின்னால், வேலியோரம், கார் நிற்கும் புல்வெளி என்று எங்கு பார்த்தாலும் மூன்று பேர், ஐந்து பேர் நின்று வாசிக்கிறார்கள். புஸ்க்ஸ்பெல் என்று சொல்வது பொருத்தமே. புதரோரத்து வாசிப்பு. ஒரு கும்பலிலிருந்து எங்கள் முகாம் லோட் கேட்டது. வயலினை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் வாசித்தது வேறு பாடாந்தரம், இரண்டாம் பகுதியில் ஓரிடம் மாறியது. ஒரு தாத்தா கவனித்துவிட்டு, 'உனக்கு இது யாரிடமிருந்து?' என்று கேட்டார். ஆசிரியையின் பெயரைச் சொன்னேன், அவருக்குச் சொன்னவர் பெயரையும் சொன்னேன். 'அப்படியானால் அப்படித்தான் வாசிக்க வேண்டும்' என்றார். அடுத்த சுற்றில் அவரும் என் வழியில் வாசித்தார்.

வட்டப்பாதை, ஜூலை 6

மூன்று முறை படித்துவிட்டேன். ஷூ நுனியில் விரல் வைத்ததை எங்கள் குழுவின் நடன வகுப்பிலும் செய்து பார்க்கப்போகிறோம்.

ஒஸ்லோ மழை, ஜூலை 7

அக்கா, நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். என் முதல் முகாமில் பிழை இரண்டையும் எடுத்ததில் இல்லை, ஐந்து லோட்டுக்குப் பேராசைப்பட்டதில்தான். ஒரு லோட்டை உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.

ட்ரோல் சுருதி தவறிப்போனதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீடியோவில் கதைப்போம், நான் ஒரு ஸ்பிரிங்கார் சொல்லித்தருகிறேன். தந்தியைக் காந்தாரத்துக்கு இறக்கும்போது பயமில்லை, திரும்பப் பஞ்சமத்துக்கு ஏற்றும்போது மெல்ல ஏற்றுங்கள். நான் இரண்டு தந்தி அறுத்திருக்கிறேன்.

மல்லிகைப்பந்தல், ஜூலை 9

இந்த மன்றத்தில் இது என் முதல் பதிவு. ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன். அடுத்த கோடையில் அம்மா மதுரையிலிருந்து மூன்று மாதம் வருகிறார். வயது 63. இசை படித்ததில்லை, ஆனால் ஊரில் கும்மிக்கு முதலில் இறங்குகிறவர் அவர்தான். இப்படி ஒரு முகாமுக்கு அவரை அழைத்துப் போகலாமா? ஸ்வீடிஷ் ஒரு வார்த்தை தெரியாது.

தந்திக்காரி, ஜூலை 9

தாராளமாக அழைத்துப் போங்கள். 'நடனம் மட்டும்' கட்டத்தில் போடுங்கள். வகுப்பில் பேச்சு குறைவு, ஆடிக் காட்டிச் செய்யச் சொல்வார்கள். என்னோடு ஆடிய ஆசிரியைக்கு 71 வயது. தலைசுற்றல் வருமா, முழங்கால் தாங்குமா என்று மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சுழலாமல் நடந்தே ஆடும் நடனங்களும் உண்டு, அதில் தொடங்கட்டும். மதிய உணவுக்குச் சைவம் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். கொசு நிறைய, மாலையில் முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

ஷூவுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். கால் பழகிய பழைய ஷூவைச் செருப்புத் தைக்கும் கடையில் கொடுத்து, அடியில் மெல்லிய தோல் ஒட்டச் சொல்லுங்கள். மதுரையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் இன்னும் மலிவு.